உங்கள் போனுக்கு ஒரு வால் இருக்கிறது!

நேற்று நள்ளிரவு தாண்டி நான் ஒரு போனின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பரவசம் இன்னும் அடங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்!

வீட்டுச் செலவு எழுத எனக்கு நானே ஒரு குட்டி ஆப் செய்து வைத்திருக்கிறேன். பால் இவ்வளவு, காய்கறி இவ்வளவு, கேஸ் சிலிண்டர் இவ்வளவு என்று தட்டிவிட்டால் மாதக் கடைசியில் கூட்டிச் சொல்லும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போனைக் கேபிளால் கணினியில் சொருகி, இந்தக் கணக்கையெல்லாம் எங்கேதான் வைத்திருக்கிறது என்று தேடிப் போனேன். ஒரு கோப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்று இருந்தன! முதல் கோப்பு என் கணக்கு. இரண்டாவதற்கும் அதே பெயர்தான்; ஆனால் பெயர் முடிந்த இடத்தில் ஒரு சிறு கோடு, அதையடுத்து டபிள்யூ, ஏ, எல் என்று மூன்று எழுத்து. சேர்த்துப் படியுங்கள். வால்! மூன்றாவது, வாலில் எந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்று சட்டென்று கண்டுபிடிக்க ஒரு சின்ன அட்டவணை.

போனில் 'பால், 30 ரூபாய்' என்று ஒரு வரி தட்டினேன். முதல் கோப்பு அசையவே இல்லை. வால் நீண்டது!

இன்னொரு வரி. வால் மறுபடி நீண்டது. கணக்குப் புத்தகம் அப்படியே கிடக்க, நான் எழுதுவதெல்லாம் வாலில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. திரையிலோ கூட்டுத்தொகை சரியாக மாறுகிறது. படிக்கும்போது புத்தகத்தையும் வாலையும் சேர்த்துப் பார்த்துத்தான் அது பதில் சொல்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுது, பிறகு சாவகாசமாகப் பேரேட்டுக்கு மாற்று என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா? வால்தான் குறிப்பேடு. முதல் கோப்புதான் பேரேடு. கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததை நம் சட்டைப் பையில் இருக்கும் கருவி ஒரு நாளில் எத்தனையோ முறை செய்துகொண்டே இருக்கிறது, நாம் கவனிக்காமலே!

எதற்கு இந்தச் சுற்று வழி? அரிசி மூட்டை வாங்கினேன் என்று வையுங்கள். செலவில் 1,200 கூட வேண்டும், கையிருப்பில் 1,200 குறைய வேண்டும். போனைப் பொறுத்தவரை இவை இரண்டு தனி வேலைகள். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் பேட்டரி தீர்ந்துவிட்டால்? செலவு ஏறியிருக்கும், கையிருப்பு இறங்கியிருக்காது. கணக்கு பொய் சொல்லும். இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, நடந்தால் இரண்டும் நடக்கட்டும், இல்லையேல் இரண்டும் நடக்க வேண்டாம் என்று உத்தரவாதம் தருவதற்குத்தான் டிரான்சாக்ஷன் என்று பெயர். சர்வர் அறையில் யூபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் காவல் இருக்கும். போனுக்கு அந்தக் காவல் கிடையாது. அது கீழே விழும், சூடாகும், ஒரு சதவீத சார்ஜில் உயிரை விடும், சுரங்கப்பாதைக்குள் நுழைந்து சிக்னலை இழக்கும். அந்த நிலையிலும் முடிச்சு அவிழக் கூடாது!

முடிச்சு எப்படி விழுகிறது தெரியுமா? கோப்பு வழக்கமாக 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மாறிய பக்கத்தைப் பேரேட்டில் திருத்தாமல், புதுப் பிரதி ஒன்றை வாலின் நுனியில் ஒட்டுகிறது. ஒவ்வொரு பிரதியோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. முடிச்சின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு முத்திரை. அந்த முத்திரை விழுந்த கணம்தான் கமிட். அதற்கு முன் மின்சாரம் போனால், போன் மறுபடி விழித்து வாலைப் படிக்கும்போது முத்திரை இல்லாத பக்கங்களைக் கண்டுகொள்வதே இல்லை. நடக்காதது போலவே ஆகிவிடும். வால் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தொட்டதும், எல்லாவற்றையும் பேரேட்டுக்குப் பெயர்த்து எழுதிவிட்டு, வாலை மறுபடி முதலிலிருந்து நிரப்பத் தொடங்குகிறது. ஆப்பை ஒழுங்காக மூடினால் வாலே மறைந்துவிடுகிறது. நான் மூடிப் பார்த்தேன். மறைந்தது! கைதட்டிவிட்டேன்.

இந்த வால் 2010 ஜூலையில் முளைத்தது. அதற்கு முன் இருந்த முறை, இன்றும் பல இடங்களில் ஓடும் முறை, எனக்கு இதைவிடப் பிடித்தது. அங்கே எல்லாம் தலைகீழ். பேரேட்டுப் பக்கத்தைத் திருத்தும் முன் அதன் பழைய உருவத்தை ஒரு குறிப்பேட்டில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு தைரியமாகப் பேரேட்டிலேயே கை வைக்கிறது. எல்லாம் முடிந்ததும் குறிப்பேட்டைக் கிழித்துப் போடுகிறது. அந்தக் கிழிப்புதான் கமிட்! எழுதுவதால் அல்ல, அழிப்பதால் ஒரு வேலை உறுதியாகிறது. போன் செத்துப் பிழைக்கும்போது குறிப்பேடு இன்னும் கிடந்தால் அதற்குச் 'சூடான குறிப்பேடு' என்று பெயர். பாதியில் நின்ற வேலைக்கு அது சாட்சி. உடனே அதிலிருந்து பழைய பக்கங்களை எடுத்துப் பேரேட்டில் திரும்ப வைத்துவிட்டுத்தான் வேறு யாரையும் உள்ளே விடும்.

இவ்வளவையும் செய்கிற மென்பொருளின் பெயர் எஸ்க்யூலைட். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஒவ்வொரு ஐபோனிலும் இது இருக்கிறது. உங்கள் தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் செய்திகள், பிரவுசர் வரலாறு எல்லாம் இதன் மடியில்தான் கிடக்கின்றன. பிறந்த கதையைக் கேளுங்கள்! அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்காக ரிச்சர்ட் ஹிப் என்பவர் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். கப்பலில் அடி விழுந்தால் எந்தக் குழாயின் எந்த வால்வை மூட வேண்டும் என்று கணக்கிடும் வேலை. தரவுகள் ஒரு தனி டேட்டாபேஸ் சர்வரில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால் திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். கப்பலில் தண்ணீர் ஏறும்போது அப்படி ஒரு பதிலா! எதனோடும் இணையத் தேவையில்லாத, ஆப்புக்குள்ளேயே வாழ்கிற டேட்டாபேஸ் ஏன் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. இணைப்பை நம்பாதே என்று போர்க்கப்பலில் கற்ற பாடம், சிக்னல் வந்து வந்து போகும் கைபேசிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது.

நான் இரவில் இன்னொரு வேலையும் செய்தேன். ஆப் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதைக் கொன்றேன். ஐம்பது முறை! ஒவ்வொரு முறையும் திறந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு பைசா பிசகவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஆப்பைக் கொல்வது எளிய பரீட்சை. ஆப் செத்தாலும் ஆண்ட்ராய்டு உயிரோடு இருக்கிறது, கையில் வாங்கியதை அது எழுதி முடித்துவிடும். மின்சாரமே போவதுதான் நிஜமான பரீட்சை. எஸ்க்யூலைட்காரர்கள் அதற்கென்று ஒரு பொய்யான சேமிப்புத் தட்டையே கட்டியிருக்கிறார்கள். எழுதும் நடுவில் அது மின்வெட்டு வந்ததுபோல் நடிக்கும். அதோடு விடாது, உறுதி செய்யப்படாத எழுத்துகளை வரிசை மாற்றிப் போடும், சிலவற்றைச் சிதைக்கும். பிறகு மறுபடி திறந்து, முடிச்சு முழுசா, அல்லது சுத்தமாக இல்லையா என்று பார்ப்பார்கள். மென்பொருளின் வரிகளைவிட அதைச் சோதிக்க எழுதிய வரிகள் 590 மடங்கு! ஒரு பங்கு சமையல், 590 பங்கு ருசி பார்ப்பது. இப்படி ஒரு சமையலறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு சமரசத்தையும் மறைக்கக் கூடாது. சேமிப்பில் நிஜமாகவே பதிந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்து உறுதிசெய்தால் போன் ஆமையாகிவிடும், பேட்டரியும் கரையும். அதனால் வால் முறையில் பல ஆப்கள் அந்தக் காத்திருப்பைத் தளர்த்திக்கொள்கின்றன. அப்போது மின்சாரம் போனால் கடைசியாகத் தட்டிய ஓரிரு வரிகள் காணாமல் போகலாம். கணக்கு குழம்பாது, சற்று முந்தைய நிலைக்குப் போகும், அவ்வளவுதான். நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். பழைய உண்மை, புதிய பொய்யைவிட மேல்.

கொரிய ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் ஒரு வேடிக்கையைப் பிடித்தார்கள். எஸ்க்யூலைட் தனக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பேடும் ஒரு கோப்புதானே? கீழே இருக்கும் கோப்பு முறைமையும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஆக, குறிப்பேட்டுக்கே குறிப்பேடு! ஒரு சின்ன வரி சேமிக்க, சேமிப்புச் சில்லில் பல மடங்கு எழுத்து. சாம்சங் உருவாக்கிய எஃப்-டூ-எஃப்-எஸ் என்ற கோப்பு முறைமை, பிற்பாடு பல பக்கங்களை ஒரே முடிச்சாக எழுதும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. 2017 முதல் எஸ்க்யூலைட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்துகொண்டது.

முதலில் குறிப்பேட்டில் எழுது, பிறகு பேரேட்டில் கைவை என்ற கொள்கையைப் பெரிய டேட்டாபேஸ்களுக்கு இலக்கணமாக வகுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சி. மோகன். சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். ஐபிஎம் ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் வகுத்த 'ஏரிஸ்' என்ற மீட்பு முறை 1992-ல் வெளியானது. டேட்டாபேஸ் பாடம் நடத்தும் பல கல்லூரிகளில் அது பாடமாக இருக்கிறது.

சரி, போனுக்குள் இருப்பது பத்திரம். போன் வெளியுலகத்தோடு பேசும்போது? இங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இரண்டு டேட்டாபேஸ்கள் ஒரே முடிச்சில் சேர வேண்டுமானால் பழைய வழி ஒன்று உண்டு. நடுவர் ஒருவர் எல்லாரிடமும் "தயாரா?" என்று கேட்பார். எல்லாரும் "தயார்" என்றதும் "முடியுங்கள்" என்பார். சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தயார், வாங்குபவர் தயார், இருவரும் பேனாவைத் திறந்தாகிவிட்டது. பத்திரத்தைக் கையில் வைத்திருந்த ஆள் வெளியே போனவர் திரும்பவில்லை. இருவரும் எழுந்து போகவும் முடியாது, கையெழுத்துப் போடவும் முடியாது. "தயார்" என்று சொல்லிவிட்ட டேட்டாபேஸும் இப்படித்தான் பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்கும். நடுவர் ஒரு கைபேசியாக இருந்து, அது லிஃப்டுக்குள் போய்விட்டால்? ஒரு பேங்க் மொத்தமும் ஒரு லிஃப்டுக்காகக் காத்திருக்க முடியுமா!

சென்னை ஐஐடியில் பி.டெக்., எம்.டெக். முடித்த மகாதேவ் சத்யநாராயணன், எல்லாருக்கும் 'சத்யா', அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987-ல் கோடா என்ற கோப்பு முறைமையைத் தொடங்கினார். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பது அவர் பிடித்த பிடிவாதம். மாணவர் ஜேம்ஸ் கிஸ்ட்லரோடு சேர்ந்து 1991-ல் அவர் அதை உலகுக்குச் சொன்னபோது, மடிக்கணினியே இன்னும் அரிய பொருள்.

அவர்கள் கட்டியதை உள்ளே போய்ப் பாருங்கள். மடிக்கணினியில் 'வீனஸ்' என்று ஒரு காவலாள். இணைப்பு இருக்கும்போது, எறும்பு மழைக்காலத்துக்குச் சேர்ப்பதுபோல, உங்களுக்குத் தேவைப்படும் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருப்பாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பரண் முழுக்க ஒரு நடை நடந்து, எது பழசாகிவிட்டது, எது குறைகிறது என்று பார்ப்பாள். இணைப்பு அறுந்ததும் அவளே சர்வராக நடிக்கத் தொடங்குவாள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் (ஆமாம், அதேதான்!) ஒரு குறிப்பேட்டில் எழுதுவாள். இணைப்பு திரும்பியதும் குறிப்பேட்டைச் சர்வரிடம் கொடுத்து வரிசையாக நடத்திக்காட்டச் சொல்வாள்.

அந்தக் குறிப்பேடு புத்திசாலி. இணைப்பில்லாத நேரத்தில் ஒரு கோப்பை உருவாக்கி, பிறகு அதையே அழித்துவிட்டீர்களா? இரண்டு வரிகளையும் அடித்துவிடும். சர்வருக்கு அந்தக் கோப்பு பிறந்ததும் தெரியாது, இறந்ததும் தெரியாது. ஒரே கோப்பை இருபது முறை சேமித்தால் கடைசிப் பிரதி மட்டும் போகும்.

யாருக்கும் எழும் கேள்வி: நான் வெளியூரில் ஒரு கோப்பைத் திருத்தும்போது, அலுவலகத்தில் இன்னொருவர் அதையே திருத்தினால்? பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம் என்பது பழைய பதில். பூட்டியவர் சாவியோடு காணாமல் போனால் எல்லாரும் தவிப்பார்கள். சத்யாவும் கிஸ்ட்லரும் வாதாடவில்லை, அளந்தார்கள். தங்கள் சூழலில் நடந்த திருத்தங்களில் 99 சதவீதத்துக்கு மேல், அந்தக் கோப்பை முன்பு திருத்திய அதே ஆள் செய்தவை. ஒரே நாளுக்குள் இரண்டு பேர் ஒரே பொருளைத் திருத்தும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம். ஆகவே பூட்டாதே, நம்பு. மோதினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு துணிச்சல்! அந்த எண் இல்லாமல் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. நான் இணைப்பில்லாமல் ஒரு பழைய நூலகக் கோப்பை வைத்து என் நிரலைக் கட்டுகிறேன். அதே நேரம் சர்வரில் அந்த நூலகத்தை யாரோ மாற்றிவிட்டார். நான் எழுதியது வேறு, அவர் எழுதியது வேறு. எழுத்தில் மோதலே இல்லை. இருந்தும் என் நிரல் செத்துப்போன ஒன்றை நம்பிக் கட்டப்பட்டது! சத்யாவின் இன்னொரு மாணவர் சி லூ இதற்கு ஒரு டிரான்சாக்ஷனை வடிவமைத்தார். டிரான்சாக்ஷனுக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்பார்கள். அதில் ஒன்றை மட்டும், 'மற்றவர் வேலை என் வேலைக்குள் கசியக் கூடாது' என்ற குணத்தை மட்டும், அவர் பிடித்துக்கொண்டார். எழுதியதோடு, எதையெல்லாம் படித்தாய் என்பதையும் குறித்துக்கொள். திரும்பி வந்ததும், படித்தவை மாறியிருந்தால் அந்த வேலையை மறுபடி ஓட்டு, அல்லது கைவிடு, அல்லது ஆளைக் கூப்பிட்டுக் கேள். மறுபடி ஓட்டினால் தானே சரியாகிவிடும் வேலைகளுக்கு இது அற்புதமான மருந்து.

கங்காருவைப் பற்றிச் சொல்லாமல் நகர மாட்டேன்! 1997-ல் மார்கரெட் டன்ஹம், அப்துல்சலாம் ஹெலால், சந்தோஷ் பாலகிருஷ்ணன் மூவரும், ஆள் நகரும்போது டிரான்சாக்ஷனும் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குத் தாவுகிறதே, இதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, 'கங்காரு டிரான்சாக்ஷன்' என்று வைத்தார்கள். ஒவ்வொரு கோபுரத்தின் எல்லைக்குள் நடக்கும் துண்டு வேலைக்கு 'ஜோயி', அதாவது கங்காருக் குட்டி. நீங்கள் ரயிலில் போகப் போக, குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிறந்து முடிகின்றன. ஒரு குட்டி தோற்றால் எல்லாக் குட்டிகளின் வேலையையும் எதிர்வேலை செய்து துடைப்பதா, முடிந்தவரை முடிந்ததாக விட்டுவிடுவதா என்று முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம். இன்று கோபுரம் மாறுவதை நெட்வொர்க்கே கவனித்துக்கொள்கிறது, ஆப்புக்குத் தெரிவதுகூட இல்லை. பெயர் மட்டும் என் மனதில் துள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1995-ல் வெளியான பேயூ என்ற சேமிப்பு அமைப்பு வேறொரு சங்கதி. கூட்ட அறையை முன்பதிவு செய்வதை உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். திங்கள் பத்து மணிக்கு அறை வேண்டும் என்று எழுதும்போதே, கூடவே இரண்டு குறிப்புகள் போகும்: அந்த நேரம் காலியா என்று எப்படிப் பார்ப்பது, காலியில்லை என்றால் என்ன செய்வது. பதினொன்று பரவாயில்லை, அதுவும் இல்லையென்றால் செவ்வாய். ஆளே இல்லாமல், அவர் எழுதிய சீட்டு தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும்! அதுவரை பதிவு 'தற்காலிகம்'. முதன்மைச் சர்வர் ஒப்பிய பிறகே 'உறுதி'. வாட்ஸ்அப்பில் கடிகாரச் சின்னம் டிக் ஆக மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேயூ ஞாபகம்தான்.

அடுத்த ஆண்டே டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் ஜிம் கிரேயும் மூன்று சகாக்களும் எச்சரிக்கை மணி அடித்தார்கள். கணவன் கையில் ஒரு செக் புத்தகம், மனைவி கையில் ஒன்று, பேங்கில் பேரேடு. கூட்டுக்கணக்கில் ஆயிரம் டாலர். இருவரும் தனித்தனியே முழு ஆயிரத்துக்கும் செக் எழுதினால்? எல்லாப் பிரதியும் சமம் என்று விட்டால் இப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூட்டி மாற்றலாம் என்றாலோ, கணினிகளும் வேலையும் பத்து மடங்கானால் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கும் முட்டுக்கட்டைகள் ஆயிரம் மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்களின் தீர்வு: கையில் இருப்பது தற்காலிகம், மையத்தில் மறுபடி ஓட்டி, இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதிருந்தால் மட்டுமே செல்லும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் யூபிஐக்கு வருகிறேன். 2016-ல் வந்தது. கடையில் பின் நம்பர் போட்டதும் சக்கரம் சுற்றுகிறதே, அந்தச் சில நொடிகளில் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? போன் அனுப்புவது பணம் அல்ல, வேண்டுகோள். அந்த முயற்சிக்கென்றே ஒரு தனி அடையாள எண்ணோடு அது கிளம்புகிறது. யூபிஐயை நடத்தும் என்பிசிஐ-யின் நடுச் சுவிட்ச் உங்கள் பேங்கிடம் 'கழி' என்கிறது. பேங்க் கழித்துத் தன் குறிப்பேட்டில் எழுதிப் பதில் சொல்கிறது. பிறகுதான் கடைக்காரரின் பேங்கிடம் 'சேர்' என்கிறது. இரண்டும் இரண்டு தனி முடிச்சுகள். நடுவில் யாரும் யாருக்காகவும் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சேர்க்க முடியாது என்று பதில் வந்தால், கழித்ததற்கு எதிர்வேலை: பணத்தைத் திருப்பிப் போடு. பதிலே வராவிட்டால், நடந்ததாக வைத்துக்கொண்டு பேங்குகள் பிறகு தங்கள் பேரேடுகளை ஒப்பிட்டு நேர்செய்கின்றன. சின்னச் சின்ன முடிச்சுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிர்முடிச்சு: 1987-லேயே இதற்கு 'சாகா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த நாடகத்தில் உங்கள் போன் எங்கே? நடுவராகவும் இல்லை, பூட்டும் அதன் கையில் இல்லை. வேண்டுகோள் கிளம்பிய பிறகு போனைக் கிணற்றில் போட்டாலும் பணத்தின் கணக்கு கெடாது. மூளையைக் கசக்கிக் கட்டிய ஏற்பாடு இது! எதை நம்ப முடியாதோ அதன் கையில் சாவியைக் கொடுக்காதே.

இந்த அழகின் மறுபக்கத்தை நானே பட்டிருக்கிறேன். போன வருஷம் ஊருக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக் கடையில் 640 ரூபாய் அனுப்பினேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, திரை அப்படியே நின்றது. பின்னால் வரிசை. பதறிப்போய் ஆப்பை மூடித் திறந்து மறுபடி அனுப்பினேன். இரண்டும் போய்ச் சேர்ந்தன. கடைக்கார அண்ணன் நல்லவர். "விடுங்க சார், இந்தாங்க" என்று கல்லாவைத் திறந்து நோட்டாகவே கொடுத்துவிட்டார். அன்று எனக்குப் புரியாதது இப்போது புரிகிறது. முதல் வேண்டுகோள் தன் எண்ணோடு பேங்கின் குறிப்பேட்டில் ஏற்கெனவே ஏறியிருந்தது. தாமதமானது பதில் மட்டும்தான். நான் மறுபடி அனுப்பியபோது பிறந்தது புது எண், புது முடிச்சு. இரண்டும் ஒன்றுதான் என்று எந்தப் பேங்குக்கும் தெரிய வழியில்லை. பழைய எண்ணோடு அதே வேண்டுகோள் இரண்டாம் முறை வந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். புது எண்ணோடு வந்தால் அது இன்னொரு மருந்துச் சீட்டு.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு விதித்தது. ஒரு ஆளுக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, அவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பி, கடைக்கு உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள். கெடு தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் பேங்க் உங்களுக்கு 100 ரூபாய் தர வேண்டும்.

அதனால், சக்கரம் சுற்றும்போது தயவுசெய்து இரண்டாம் முறை பணம் அனுப்பாதீர்கள். ஆப்பில் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து, அந்த முயற்சி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இருக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேங்கின் குறிப்பேட்டில் உங்கள் பணத்தைத் தேடிப் பிடிக்க உதவுவது அந்த எண்தான்.